மண்டியும் மக்களும்: இலத்தீன் கழிவுச் சொற்களின் வரலாறு

பசுவின் சாணத்துக்குப் பழந்தமிழில் ஆப்பி என்று பெயர். ஆ என்னும் சொல்லும் பீ என்னும் சொல்லும் சேர்ந்து அச்சொல் பிறந்த முறைக்குத் தொல்காப்பியர் எழுத்ததிகாரத்தில் விதி வகுக்கின்றார். ஆயின், விதி கூறவந்த அவ்வாசிரியர் அந்த இரண்டாவது சொல்லை வாய்விட்டுச் சொன்னாரல்லர். பகரத்தின்மேல் ஈகாரம் ஏறியது என்று எழுத்தைப் பிரித்துச் சுட்டிவிட்டு அப்பாற் செல்கின்றார். நன்னூலார் காலத்தில் இவ்வழக்கம் இடக்கரடக்கல் என்னும் பெயரோடு தகுதி வழக்கின் ஒரு கூறாக இலக்கணத்தில் நிலைபெற்றுவிட்டது. கால்கழுவி வந்தான் என்று கூறுவதே அவைக்கு ஏற்றது என்பது நாம் பள்ளியிற் படித்த பாடம்.

உரோமாபுரியிலும் இதே சங்கடம் இருந்தது. கி.மு. 45ஆம் ஆண்டளவில் சிசெரோ தம் நண்பர் பைத்துஸ் என்பவருக்கு எழுதிய கடிதமொன்று முழுவதும் இதைப் பற்றியதே. ஸ்தோயிக்க ஞானிகள் எதையும் அதனதன் பெயராலேயே கூறவேண்டும் என்ற கொள்கையினர். ஒரு பொருளில் இழிவில்லையென்றால் அதன் பெயரில் மட்டும் இழிவு எங்கிருந்து வந்து புகுந்தது என்று அவர்கள் கேட்டனர். வயிற்றுக் காற்று வாய்வழி வெளியேறலாமென்றால் மற்றைய வழியிலும் தடையின்றி வெளியேறலாம் என்னும் அளவுக்குச் சென்றனர். சிசெரோ அவர்களது தருக்கத்தை விரிவாக எடுத்துரைத்து, இறுதியில் தமக்குப் பிளேற்றோவின் நாணமே உகந்தது என்று முடிக்கின்றார். வேடிக்கை யாதெனின், இத்தனை சொற்களைப் பற்றிப் பேசும் அக்கடிதத்தில் அவர் அவற்றுட் பலவற்றைக் குறிப்பாகவே உணர்த்திச் செல்கின்றார். தொல்காப்பியர் செய்ததும் அதுவே.

அந்நாணத்தை இக்கட்டுரையில் ஓரளவு தளர்த்தாமல் இயலாது. இலத்தீன் மொழியில் உடற்கழிவைக் குறித்த சொற்கள் பல. அவற்றின் வழித்தோன்றல்கள் இத்தாலியம், பிரெஞ்சு, ஸ்பானியம், போர்த்துக்கேயம், கத்தலான், உருமேனியம் ஆகிய மொழிகளில் இன்றும் வாழ்கின்றன. அறிவியற் சொற்களாகி ஆங்கிலத்தின் வழியே நம்மையும் வந்தடைந்திருக்கின்றன. இச்சொற்கள் வந்த வழியைத் தேடிச் செல்வோமாயின், அக்கழிவைக் கையால் தொட்டவர் யார், தொடாமலே பெயர் வைத்தவர் யார் என்ற கேள்விக்கும் விடை கிடைக்கின்றது.

வீதியில் வழங்கிய சொற்களை முதலிற் பார்ப்போம். மலங்கழித்தல் என்னும் வினைக்குக் கக்காரே என்றும், மலத்துக்கு மெர்தா என்றும் உரோம மக்கள் கூறினர். கக்காரே பெரும்பாலும் குழந்தை மொழியிற் பிறந்த சொல்லாகும். கிரேக்கம், உருசியம், ஐரியம் ஆகியவற்றிலும் இதனையொத்த சொற்கள் குழந்தைகளோடு பேசும் பேச்சில் உண்டு. எனவே இச்சொல்லை முதலிற் சொன்னவர்கள் தாய்மாரும் செவிலியருமே எனலாம். சிசெரோ போன்ற உரைநடையாசிரியர்கள் இதனை அண்டவிடவில்லை. அங்கதக் கவிஞர்கள் அவ்வாறு ஒதுக்கினாரல்லர். கட்டுல்லஸ், வொலுசியஸ் என்பவன் எழுதிய நீண்ட வரலாற்றுக் காவியத்தை இவ்வினையின் துணைகொண்டே விமர்சித்தான். அக்காவியத்தின் பிற்கால நினைவுக்கு அந்த ஒரு வசையே எஞ்சியிருக்கின்றது. மார்சியலின் கவிதையொன்றில் வாசெரா என்பவன் நாள் முழுவதும் பொதுக் கழிப்பிடங்களிலேயே குந்தியிருக்கின்றான். அவனுக்கு வந்திருப்பது வயிற்று உபாதையன்று. யாராவது விருந்துக்கு அழைப்பார்களா என்ற ஏக்கம். பணக்காரரைச் சார்ந்து பிழைத்த உரோமக் கீழ்நடுத்தர வர்க்கத்தின் நிலையை இதைவிடச் சுருக்கமாகக் காட்டிவிட முடியாது.

ஆயினும் ஏடுகளைக்காட்டிலும் சுவர்களே நமக்குச் சிறந்த சான்றுகள். கி.பி. 79இல் வெசூவியஸ் எரிமலையின் சாம்பலில் புதையுண்ட பொம்பெயி நகரத்துச் சுவர்களில், இங்கே மலங்கழிப்பவனே எச்சரிக்கை என்ற பொருளில் வீட்டுக்காரர் எழுதிவைத்த அறிவிப்புகள் சில கிடைத்துள்ளன. அதே நாளழிவிற்பட்ட ஹெர்குலேனியத்தில் ஒரு வீட்டின் கழிப்பறைச் சுவரில் இருப்பது இன்னும் சுவையானது. தீத்துஸ் சக்கரவர்த்தியின் வைத்தியனான அப்பொலினாரிஸ் இவ்விடத்திற் செவ்வனே மலங்கழித்தான் என்று அது கூறுகின்றது. எழுதியவன் அவ்வைத்தியனேயோ, அவனைக் கேலி செய்ய விரும்பிய வேறொருவனோ, வினைச்சொல் கக்காரேதான். ஒஸ்தியா துறைமுகத்தில், பிற்காலத்தில் நீராடுமிடத்தோடு இணைந்துபோன ஒரு மண்டபத்தில், கிரேக்க நாட்டு ஏழு ஞானிகளின் ஓவியங்கள் உண்டு. சோலன், தேலிஸ், கீலோன் ஆகியோர் பெரும்பெயர்களோடு கம்பீரமாக அமர்ந்திருக்கின்றனர். அவர்கள் உபதேசிப்பதோ அறமன்று. எளிதாக மலங்கழிக்கும் முறையும் ஓசையின்றிக் காற்றுவிடும் நுட்பமுமாம். அவர்களுக்குக் கீழே சாதாரண மனிதர்கள் வரிசையாகக் கழிப்பிடத்தில் குந்தியிருக்கக் காண்கின்றோம். துறைமுகத்தில் சுமை தூக்கியவனும் தானியம் அளந்தவனும் அங்கு வந்து அதைப் பார்த்துச் சிரித்திருப்பான். கற்றோர் குழாத்தின் மேதாவிலாசத்தைப் பாமரன் எடைபோட்ட அரிய சித்திரங்களில் இது ஒன்று.

இவ்விரு சொற்களையும் எந்தப் பள்ளியும் கற்பித்ததில்லை. எந்த இலக்கண நூலும் பாதுகாத்ததில்லை. அப்படியிருந்தும் பேரரசு சிதைந்து, நகரங்கள் பாழாகி, எழுத்தறிவே அருகிப்போன நூற்றாண்டுகளை அவை தாண்டி வந்தன. இத்தாலியர் இன்றும் மெர்தா என்றே சொல்லுகின்றனர். போர்த்துக்கேயரும் கத்தலோனியரும் அவ்வாறே. பிரெஞ்சில் மெர்த். ஸ்பானியத்தில் மியெர்தா, நிலத்தைக் குறித்த தெர்ரா என்னும் சொல் அங்கே தியெர்ரா ஆனதுபோல இதுவும் ஆயிற்று. கக்காரே இத்தாலியில் கக்காரே, ககாரே எனவும், ஸ்பானியத்தில் ககார் எனவும் நிற்கின்றது. நண்பனைக் குறித்த அமீக்குஸ் அமீகோவாக மெலிந்த அதே விதிதான். பிரெஞ்சில் அது ஷியே என்று அடையாளமே தெரியாதவாறு மாறிவிட்டது. அன்புக்குரியவனைக் குறித்த காருஸ் ஷேர் ஆனதும், வயலைக் குறித்த கம்புஸ் ஷான் ஆனதும் அதே மாற்றத்தால்தான். ஒலிமாற்றத்தின் விதிகளுக்கு உயர்ந்த சொல், தாழ்ந்த சொல் என்ற பேதமில்லை. நண்பனும் அன்பனும் எவ்வழி வந்தனரோ அவ்வழியே மலமும் வந்தது. ஒரு சொல் இடையறாது மக்கள் வாய்வழியே வந்தது என்பதற்கு மொழியியலார் வேண்டும் சான்று இதுவே.

பிரெஞ்சுச் சொல்லைப் பற்றி ஒன்று கூறியாகவேண்டும். 1815ஆம் ஆண்டு யூன் 18ஆந் திகதி வாட்டர்லூ போர்க்களத்தில் நெப்போலியனது காவற்படையின் இறுதி அணி சூழப்பட்டு, சரணடையுமாறு கேட்கப்பட்டபோது, தளபதி கம்புரோன் இந்த ஒற்றைச் சொல்லால் விடையளித்தான் என்பது கதை. கம்புரோன் அதனை மறுத்தான். எனினும் விக்தோர் ஹியூகோ 1862இல் வெளிவந்த தம் 'லே மிசராப்ல்' நாவலில் அச்சொல்லைத் துணிந்து அச்சேற்றி, அப்போரில் வென்றவன் அவனே என்று போற்றினார். விளைவு விநோதமானது. நாகரிகமான பிரெஞ்சுக்காரர் அச்சொல்லை உச்சரிக்க நாணும்போது 'கம்புரோனின் சொல்' என்கின்றனர். ஒரு தளபதியின் பெயர் இடக்கரடக்கலாகிவிட்டது!

இனி, மாளிகையிலிருந்து வந்த சொல்லைப் பார்ப்போம். இன்று வைத்தியசாலையில் மலத்தை ஆய்வுக்குக் கொடுக்கும்போது சீட்டில் எழுதப்படும் ஆங்கிலச் சொல் ஃபீசீஸ் என்பது. கேட்போர் இதனைத் தூய இலத்தீன் என்றும், ஆகவே கண்ணியமானது என்றும் கருதுவர். இலத்தீன்தான், ஆனால் பண்டைய இலத்தீனில் அதற்கு மலம் என்பது பொருளன்று. ஃபைக்ஸ் என்ற சொல் திராட்சை மது வடித்த சாடியின் அடியில் தங்கும் மண்டியைக் குறித்தது. கள்ளுமுட்டியின் அடியிலே நாம் காணும் மண்டி போன்றதே அது. அதன் சிறுமைப் பெயரான ஃபைகுலா, உணவோடு தொட்டுக்கொள்ளும் ஒரு பண்டத்துக்குப் பெயராயிருந்தது. அதிலிருந்து வந்த பிரெஞ்சுச் சொல்லான ஃபெக்யூல் உருளைக்கிழங்கு மாவைக் குறிக்கின்றது. அதைக்கொண்டு இன்றும் பலகாரம் செய்கின்றனர். மண்டியை நீக்கித் தெளிவித்தல் தேஃபைகாரே எனப்பட்டது. ஆகவே டிஃபிகேற் என்ற ஆங்கில வினை 16ஆம் நூற்றாண்டில் தூய்மைப்படுத்துதல் என்ற பொருளிலேயே அம்மொழியினுட் புகுந்தது. மலங்கழித்தல் என்ற பொருள் 19ஆம் நூற்றாண்டிலேதான் அதற்கு உறுதிப்பட்டது. கரும்புச்சாற்றைச் சுண்ணாம்பிட்டுக் கொதிக்கவைத்து அழுக்கை நீக்கும் வேலைக்கும் சீனி ஆலைகளில் இதே சொல்லே வழங்கியது. மேற்கிந்தியத் தீவுகளில் அக்கொதிகலங்களின் முன் நின்று வெந்தவர்கள் ஆபிரிக்காவிலிருந்து கடத்திவரப்பட்ட அடிமைகள்.

அப்படியாயின் மண்டி என்ற சொல் எப்போது இழிபொருள் பெற்றது? இங்கேதான் சிசெரோ மறுபடியும் வருகின்றார். கி.மு. 61இல் நண்பர் அத்திக்குசுக்கு எழுதிய கடிதத்தில், நகரத்தின் அழுக்கும் மண்டியுமானவர்களிடையே தமது செல்வாக்கு முன்னிலும் கூடியிருக்கின்றது என்று மகிழ்கின்றார். அதே மூச்சில் அவர்களைப் பொதுக் கருவூலத்தை உறிஞ்சும் அட்டை என்றும், பசித்த சிறுகூட்டம் என்றும் வருணிக்கின்றார். அடுத்த ஆண்டுக் கடிதமொன்றில், கேட்டோ பிளேற்றோவின் இலட்சியக் குடியரசில் வாழ்பவன்போலப் பேசுகின்றானே, நாம் இருப்பதோ ரோமுலசின் மண்டியில் அல்லவா என்று சலித்துக்கொள்கின்றார். ஆக, இச்சொல் மலத்தைக் குறிப்பதற்கு நூற்றாண்டுகள் முன்பே மனிதரைக் குறித்தது. தானிய விலையேற்றத்தால் வாடி, அடுக்குமாடி வாடகைக் குடில்களில் நெருங்கிக் கிடந்த உரோம நகரத்து மக்களே முதலில் மண்டியாயினர். 17ஆம் நூற்றாண்டு வைத்தியர்கள் மலத்துக்குக் கண்ணியமான பெயர் தேடியபோது அவர்கள் எடுத்துக்கொண்டது இந்தச் சொல்லையே. இத்தாலியத்தில் இதன் வழிவந்த ஃபெச்சா என்ற சொல் இன்றும் மதுவின் மண்டியையும் சமூகத்தின் 'கடையரை'யும் ஒருங்கே சுட்டுகின்றது.

இதிலே ஒரு நுட்பமான இரட்டை நாவைக் காணலாம். கி.மு. 55இல் சிசெரோ எழுதிய பேச்சுக்கலை பற்றிய உரையாடல் நூலில், உருவகம் அருவருப்பை எழுப்பலாகாது என்று ஒரு விதி உண்டு. கிளௌசியா என்ற அரசியல்வாதியைச் செனற் சபையின் சாணம் என்று அழைப்பது கூடாது என்பதே அதற்குத் தரப்பட்ட எடுத்துக்காட்டு. கிளௌசியா மக்கள் பக்கத்துத் தலைவன், கி.மு. 100இல் கொல்லப்பட்டவன். ஆகவே அவன்மீது எழுந்த பரிவன்று இது. சொல்பவனின் வாய் நாறலாகாது என்ற அக்கறை. மலத்துக்குரிய பெயரை ஒரு மனிதனுக்கு இடுதல் நாகரிகமன்று. மது மண்டியின் பெயரை ஒரு நகரத்து மக்கள் அனைவருக்கும் இடுதலோ நாகரிகத்துக்கு ஊறு செய்யாது.

எக்ஸ்கிறெமென்தும் என்ற மற்றொரு கற்றோர் சொல்லும் இப்படிச் சுற்றுவழியில் வந்ததே. சலித்தல், அரித்தெடுத்தல் என்ற பொருளுடைய வினையடியாகப் பிறந்த இது, சல்லடையில் ஒதுங்கியது என்ற அளவிலேயே பொருள் தந்தது. வரலாற்றாசிரியர் தாசித்துஸ் இதனை எச்சிலுக்கும் வழங்கியிருக்கின்றார். அதே வினையடியிலிருந்து, பிரித்து ஒதுக்கி வைக்கப்பட்டது என்ற பொருளில் இரகசியத்தைக் குறிக்கும் சொல்லும், இரகசியங்களைக் காப்பவர் என்ற பொருளில் நமது கந்தோர்களிற் செயலாளரைக் குறிக்கும் 'செக்கிறட்டரி' என்ற சொல்லும் பிறந்தன. இவ்வுறவைச் செயலாளர்கள் மனம்நோகாமல் ஏற்றுக்கொள்வார்களாக.

வயலிலே நின்றவனுக்கோ இக்கழிவு வேறொன்றாகத் தோன்றியது. கேட்டோ என்னும் மூத்தவர் கி.மு. 160ஆம் ஆண்டளவில் எழுதிய வேளாண்மை நூலில், நல்ல பயிர்ச்செய்கைக்கு உழவு முதலும் இரண்டும் என்றால் எருவிடுதல் மூன்றாவது என்கின்றார். பெரிய எருக்குவியல் ஒன்று வைத்திருக்கும்படி பண்ணையாருக்கு அறிவுறுத்துகின்றார். எருவாகும் சாணத்துக்கு அங்கு ஸ்தெர்க்குஸ் என்று பெயர். இத்தாலியின் ஸ்தெர்க்கோவும் ஸ்பானியத்தின் எஸ்தியெர்க்கொல்லும் அதன் பிள்ளைகள். எருவிடும் முறையைக் கண்டவன் என்று ஸ்தெர்குலியுஸ் என்ற தெய்வம் ஒன்றையும் உரோமர் வழிபட்டனர். இன்னும் அழகான சொல் லைத்தாமென் என்பது. லைத்துஸ் என்றால் மகிழ்ச்சியுடைய, செழிப்பான என்று பொருள். செழித்த பயிர் மகிழ்ந்த பயிர். அதனை மகிழ்விப்பது எதுவோ அதுவே லைத்தாமென். இத்தாலியக் குடியானவன் இன்று எருவை லெத்தாமே என்று சொல்லும்போது, தான் ஒரு மகிழ்ச்சியின் பெயரைச் சொல்வதாக அறியமாட்டான். கத்தலோனியாவில் நத்தார்க் காலத்தில் அமைக்கும் தொழுவக் காட்சியில், குழந்தை யேசுவுக்குச் சற்றுத் தள்ளி, குந்தியிருந்து மலங்கழிக்கும் ஒரு குடியானவனின் சிறு உருவத்தையும் வைப்பார்கள். கக்காரேயின் வழிவந்த ககானேர் என்பது அதன் பெயர். நிலத்துக்கு வளந்தருபவன் அவன் என்று கூறி, பாதிரிமார் முகஞ்சுளித்தபோதும் மக்கள் அவனை அகற்றவில்லை.

எருவை மகிழ்ச்சி என்ற இவ்வேளாண் மரபை முறித்தது 19ஆம் நூற்றாண்டின் பெருநகரமாகும். நிலத்திலிருந்து வந்த உணவு நகரத்தில் உண்ணப்பட்டது. கழிவு மட்டும் நிலத்துக்குத் திரும்பவில்லை. பாரிசு தன் நிலக்கீழ்ச் சாக்கடைகளின் வழியே ஆண்டுதோறும் கோடிக்கணக்கிற் பொன்னைக் கடலில் எறிகின்றது என்று ஹியூகோ அதே நாவலில் முறையிட்டார். அவரோடு யேர்சித் தீவில் நாடுகடந்து வாழ்ந்த சோசலிசவாதி பியேர் லெரு, மக்கட்டொகை பெருகினால் உணவு போதாது என்ற மல்தூசின் வாதத்துக்கு, ஒவ்வொரு மனிதனும் தன் கழிவால் தன் உணவை மீள விளைவிக்கவல்லவன் என்று விடையிறுத்தார். மார்க்சும் இதனைக் கவனித்தார். 1894இல் எங்கெல்ஸ் பதிப்பித்த 'மூலதன'த்தின் மூன்றாம் பாகத்தில், நாற்பத்தைந்து இலட்சம் மக்களின் கழிவைக் கொண்டு தேம்ஸ் நதியைப் பெருஞ்செலவில் அசுத்தப்படுத்துவதன்றி வேறு பயன் காண இலண்டன் அறியவில்லை என்று குறிப்பிடுகின்றார். அங்கே அவர் கையாண்ட ஜெர்மன் சொல் எக்ஸ்கிறெமென்தும் என்பதன் வழிவந்ததே. ஆலையின் கழிவுக்கும் மனித உடலின் கழிவுக்கும் அதே சொல்லை அவர் வழங்கியது தற்செயலன்று. சலித்து ஒதுக்கியது எதுவாயினும், மீண்டும் உற்பத்தியிற் சேரவேண்டியது என்பது அவரது எண்ணம்.

சிறுநீருக்குரிய சொற்களில் பல எளியவை. மக்கள் பேச்சு ஒலிக்குறிப்பாகப் படைத்த ஒரு வினையிலிருந்து இத்தாலியரின் பிஷாரேயும் பிரெஞ்சுக்காரரின் பிஸ்ஸேயும் வந்தன. பழைய வினையாகிய மேயெரே என்பது ஸ்பானியத்தில் மேயார் என்று வாழ்கின்றது. நம் வைத்தியர்கள் பிரமேகம், மதுமேகம் என்று கூறும் நோய்ப் பெயர்களிலுள்ள மேகம், சமஸ்கிருத வழியாக அதே மூலத்திலிருந்து வந்தது. வானத்து மேகம் வேறு.

ஆனால் லோத்தியும் என்ற சொல் நின்று பார்க்கத்தக்கது. கழுவுதல் என்னும் வினையடியாகப் பிறந்த இது சிறுநீருக்கே பெயராயிற்று. உரோமில் ஆடைகளை வெளுத்தவர்கள் புளித்த சிறுநீரை அழுக்கு நீக்கும் பொருளாகப் பயன்படுத்தினர். செனற்றர்களின் வெண்ணிறத் தோகாக்கள், அடிமைகளும் கூலிகளும் தொட்டியில் இறங்கிக் காலால் மிதித்துத் துவைத்தவை. வெளுப்போருக்குப் பாதவாதம் என்ற மூட்டுநோய் வருவதில்லையாம். சிறுநீரில் நிற்பதே காரணமாம் என்று பிளினி எழுதிவைத்திருக்கின்றார். அந்நோய் பெரும்பாலும் ஊனும் மதுவும் மிகுதியாக உண்டவர்களையே பற்றியது என்பதை நினைத்தால், வெளுப்போரைக் காத்தது சிறுநீரா அவர்களது சாப்பாடா என்று கேட்கத் தோன்றும். கி.பி. 69 முதல் 79 வரை ஆண்ட வெஸ்பாசியன் இச்சிறுநீருக்கும் வரி விதித்தார். மகன் தீத்துஸ் முகஞ்சுளித்தபோது, அவ்வரியில் வந்த நாணயத்தை அவனது மூக்கருகே நீட்டி, இது நாறுகின்றதா என்று கேட்டதாக சுவெத்தோனியுஸ் கூறுகின்றார். பணத்துக்கு நாற்றமில்லை என்ற வழக்கு அதிலிருந்து பிறந்தது. 1830களில் பாரிசின் வீதிகளில் ஆடவர் சிறுநீர் கழிக்கும் தூண்கள் நிறுத்தப்பட்டபோது அவற்றுக்கு வெஸ்பாசியென் என்ற பெயரே நிலைத்தது. யெரூசலேம் மீது படையெடுத்தவரும் கொலோசியத்தைக் கட்டத் தொடங்கியவருமான சக்கரவர்த்தியைப் பாரிசின் வீதி நினைவுகூர்ந்தது இந்த வகையிலேதான்.

கழிவு போய்ச் சேருமிடத்தின் பெயர்களும் கழுவுதலையே சுற்றுகின்றன. லாத்ரீனா என்பது லவாத்ரீனா என்பதன் சுருக்கம். நீராடுமிடம் என்று பொருள். சாக்கடையைக் குறித்த க்ளொவாக்கா என்பதும் தூய்மை செய்தல் என்ற வினையின் வழிவந்தது. உரோமின் பெருஞ்சாக்கடை பேரரசின் பொறியியற் சாதனை என்று பாடநூல்கள் போற்றும். அதனைப் பற்றிப் பிளினி கூறும் செய்தி ஒன்று அவ்வளவாகப் பாடநூல்களில் இடம்பெறுவதில்லை. தார்க்குவீனியுஸ் அரசன் அவ்வேலைக்குக் குடிமக்களைக் கட்டாயமாக ஈடுபடுத்தினான். முடிவில்லாத அவ்வுழைப்பைத் தாங்காது பலர் தற்கொலை செய்துகொண்டனர். அரசனோ, மற்றவர் அவ்வழியே தப்பாதிருக்க, இறந்தவர்களின் உடல்களைச் சிலுவையில் ஏற்றி ஊரார் பார்க்க நிறுத்தினான். சாக்கடைக்குக் க்ளொவாக்கீனா என்ற பெண் தெய்வமும் ஃபோரத்தில் அவளுக்கு ஒரு சிறு கோயிலும் இருந்தன. தோண்டிச் செத்தவர்களுக்கு நடுகல் இல்லை.

இவற்றுள் ஒரு சொல் நமது வீட்டுப் பின்புறம் வரை வந்துவிட்டது. ஒல்லாந்தர் தம் கழிப்பிடத்தைக் கக்ஹுயிஸ் என்றனர். முற்பகுதி மலங்கழித்தலையும் பிற்பகுதி வீட்டையும் குறிக்கும். ஒல்லாந்த வினையை இலத்தீனின் கக்காரேயிலிருந்து கடன்பெற்றதாகக் கொள்வாரும் உளர். குழந்தை மொழியில் தனித்தே பிறந்ததாகக் கொள்வாரும் உளர். 1656இல் கொழும்பையும் 1658இல் யாழ்ப்பாணத்தையும் கைப்பற்றி, 1796 வரை இலங்கையின் கரையோரத்தை ஆண்ட அவர்களிடமிருந்து தமிழர் கக்கூசையும் சிங்களவர் கக்குஸ்ஸியவையும் பெற்றனர். அவர்களது மற்றொரு குடியேற்ற நாடான இந்தோனேசியாவில் அது கக்குஸ். ஒல்லாந்தில் வீட்டைக் குறித்த சொல், இங்கே அதைத் துப்புரவு செய்பவனின் வாழ்நாளையும் குறிக்கலாயிற்று. பிரித்தானியர் ஆட்சியில் நகரசபைகள் தோன்றி வாளிக் கக்கூசுகள் பெருகியபோது, அவ்வாளிகளைச் சுமக்கத் தென்னிந்தியாவிலிருந்து ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்தோர் கொண்டுவரப்பட்டு, நகரங்களின் ஓரங்களில் வரிசை அறைகளில் குடியமர்த்தப்பட்டனர். வாளிகள் மறைந்த பின்னும் அவர்களது பிள்ளைகளை வேலைக்கு வேண்டிய அலுவலகங்கள் அதே வேலைக்கே அழைத்தன. கக்கூசு என்ற சொல் கேட்கக் கூசுவதாகிவிடவே நாம் மலசலகூடம் என்றோம்; தமிழகத்தார் கழிப்பறை என்றனர். சொல் மூன்று முறை குளித்தது. உள்ளே இறங்குகின்றவன் மாறவில்லை. மனிதக் கழிவை மனிதர் கையால் அகற்றுவதைத் தடைசெய்யும் சட்டத்தை இந்தியா 2013இல் இயற்றிய பின்னும் குழிகளில் இறங்கி இறந்தவர்களைப் பற்றித் திவ்யபாரதி 2017இல் எடுத்த ஆவணப்படத்துக்கு நாகரிகமான பெயர் எதையும் சூட்டவில்லை. 'கக்கூஸ்' என்றே பெயரிட்டார்.

மெர்தாவின் வழித்தோன்றல்களுள் உருமேனிய மொழியை மேலே விட்டுவிட்டேன். 106ஆம் ஆண்டில் திராயான் சக்கரவர்த்தி வென்ற தாசியா நாட்டை உரோமர் 3ஆம் நூற்றாண்டிலேயே கைவிட்டுச் சென்றனர். மற்றைய இலத்தீன் மொழிகளிலிருந்து துண்டுபட்டுத் தனியே வளர்ந்த உருமேனியத்தில், மலத்தைக் குறிக்கும் வழக்குச் சொல் கக்காரேயின் வழிவந்த கக்காத் என்பது. மெர்தா என்ற பெயர்ச்சொல் அங்கே மறைந்துவிட்டது. ஒரே ஒரு வினைச்சொல்லினுள் மட்டும் அது ஒளிந்து கிடக்கின்றது: தெஸ்மியெர்தா. முன்னொட்டு நீக்குதலைக் குறிக்கும், மற்றது மெர்தாவேதான். குழந்தையின் அழுக்கைத் துடைத்துச் சுத்தஞ்செய்தல் என்பது அச்சொல்லின் பழைய பொருள் என்று உருமேனிய அகராதியாளர் கூறுவர். துடைக்கின்ற கை கொஞ்சவும் செய்யும். இரண்டும் ஒரே நேரத்தில் நிகழும். நூற்றாண்டுகள் செல்லச் செல்ல முதற்பொருள் தேய்ந்து மற்றது நிலைத்தது. இன்று உருமேனியத் தாயொருத்தி தெஸ்மியெர்தா என்று சொன்னால், பிள்ளையை வருடிக் கொஞ்சுதல் என்பதே பொருள்.